பிறப்பால் வந்த பட்டமும் பிரிஸ்டல் மக்களின் வாக்கும்

'பட்டம்' என்றால் நம் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகம் தருவதுதான் நினைவுக்கு வரும். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்று சான்றிதழ் வாங்கிக் கட்டணச் சலுகை பெற்ற வீடுகள் நம் தெருக்களில் நிறைய உண்டு. கடன் வாங்கித் தேர்வுக் கட்டணம் கட்டி, அரியர் எழுதி, கண்விழித்துப் படித்து வாங்கிய பட்டம் அது. இந்த வாரம் நாம் பேசப்போவது வேறொரு பட்டத்தைப் பற்றி. அதற்குப் படிக்க வேண்டாம், உழைக்க வேண்டாம். அப்பா கண்ணை மூடிய நொடியில் மூத்த மகனிடம் அது வந்து சேர்ந்துவிடும். 'எனக்கு வேண்டாம்' என்று சொல்வதற்கு 1963 வரை சட்டத்தில் வழியே இல்லை.

பிரிட்டனின் பரம்பரைப் பிரபுப் பட்டத்தைத்தான் சொல்கிறோம். டியூக், மார்க்வெஸ், ஏர்ல், விஸ்கவுண்ட், பாரன் என்று அதில் ஐந்து படிகள். மேலே டியூக், கீழே பாரன். நாடாளுமன்றத்துக்கு வழிகாட்டி என்று நாம் கேட்டு வளர்ந்த நாட்டில், நாடாளுமன்றத்தின் ஒரு பாதி பல நூற்றாண்டுகளாகப் பெரும்பாலும் பிறப்பாலேயே நிரப்பப்பட்டது. மக்கள் வாக்களித்து அனுப்புவது காமன்ஸ் சபைக்கு. அப்பனுக்குப் பிள்ளையாகப் பிறந்து போவது பிரபுக்கள் சபைக்கு. பரம்பரைப் பிரபுக்கள் பொதுவாகக் காமன்ஸ் சபைத் தேர்தலில் நின்று உறுப்பினராக முடியாது என்பதும் அன்றைய சட்டம்.

இந்தப் பட்டம் எப்படி இறங்குகிறது என்பதை மாணவர்கள் கொஞ்சம் கவனித்துப் படிக்க வேண்டும். அரசர் ஒருவருக்குப் பட்டம் தரும்போது முத்திரையிட்ட சாசனம் ஒன்றை வழங்குகிறார். பட்டம் யார் யாருக்குப் போகும் என்பது அந்தச் சாசனத்திலேயே எழுதப்பட்டிருக்கும். பெரும்பாலான சாசனங்களில் இருப்பது ஒரே வாசகம்தான்: பட்டம் பெற்றவரின் உடலிலிருந்து, முறையான திருமணத்தில் பிறந்த ஆண் வாரிசுகளுக்கு. இந்த ஒரு வாசகத்தில் எத்தனை பேர் வெளியே தள்ளப்படுகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். மகள் கிடையாது. தத்துப்பிள்ளை கிடையாது. திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளை கிடையாது. மூத்தவன் இருக்கும்போது இளையவனுக்கும் கிடையாது. நிலத்தை விற்கலாம், வீட்டை உயில் எழுதி யாருக்கும் கொடுக்கலாம். பட்டத்தை விற்க முடியாது, எழுதிவைக்க முடியாது, அரசரிடமே திருப்பிக் கொடுக்கவும் முடியாது. பிரபுப் பட்டத்தை ஒப்படைத்துவிட முடியாது என்று பிரபுக்கள் சபை 1678-இல் பர்பெக் விஸ்கவுண்ட் வழக்கில் முடிவு சொல்லிவிட்டது. அந்தக் கௌரவம் ரத்தத்தில் இருக்கிறது என்பதுதான் வாதம். ரத்தத்தில் இருப்பதை எப்படிக் கழற்றி வைப்பது?

ரத்தம் என்று ஆரம்பித்தால் என்ன பேச்சு வரும் என்பது நமக்குத் தெரியாததல்ல. ஆனால் அவசரப்பட்டு இதையும் நம் ஊர்ச் சாதியையும் ஒன்றென்று சொல்லிவிடக் கூடாது. அதைப் பிறகு பார்ப்போம். முதலில், இந்த ரத்தத்தை எதிர்த்து ஒருவர் மூன்று ஆண்டுகள் நடத்திய சண்டையைச் சொல்ல வேண்டும்.

அவர் பெயர் ஆன்டனி வெட்ஜ்வுட் பென். பின்னாளில் டோனி பென் என்றே எல்லோரும் அழைத்தார்கள். தொழிற்கட்சிக்காரர். அவருடைய தந்தை வில்லியம் வெட்ஜ்வுட் பென் நம் வரலாற்றுக்கும் தொடர்புள்ளவர். 1929 முதல் 1931 வரை இந்தியாவுக்கான அமைச்சராக லண்டனில் இருந்தவர் அவர்தான். அந்தக் காலத்தில்தான் முதல் வட்டமேசை மாநாடு நடந்தது. செங்கல்பட்டுப் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசனும் அண்ணல் அம்பேத்கரும் ஒடுக்கப்பட்ட மக்களின் பிரதிநிதிகளாக அதில் உட்கார்ந்தார்கள். 1930 நவம்பர் 12 அன்று ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அந்த மாநாட்டைத் தொடங்கி வைத்த இடம் பிரபுக்கள் சபைக் கட்டடத்திலுள்ள அரச மண்டபம். ஊர்த் தெருவில் நடக்க உரிமை மறுக்கப்பட்ட மக்களின் சார்பாக இரண்டு பேர், பெரும்பாலும் பிறப்பால் உள்ளே போகக்கூடிய அந்தச் சபையின் கூரைக்குக் கீழே உட்கார்ந்து, அரசியல் பாதுகாப்புகளைக் கேட்கப் போயிருந்தார்கள். அப்போது இந்திய அமைச்சரின் மகன் டோனிக்கு வயது 5.

பென் குடும்பத்துக்குப் பட்டம் பரம்பரையாக வந்ததல்ல, புதிதாகத் தரப்பட்டது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் சர்ச்சில் தலைமையில் கூட்டணி ஆட்சி நடந்தது. பிரபுக்கள் சபையில் தொழிற்கட்சிக்கு ஆள் போதவில்லை. அந்தக் குறையைப் போக்கச் சிலரைப் பிரபுவாக்கினார்கள். அப்படித்தான் 1942 ஜனவரியில் வெட்ஜ்வுட் பென் ஸ்டான்ஸ்கேட் விஸ்கவுண்ட் ஆனார். பரம்பரைப் பட்டம் என்பதால் மகனுக்குப் போகும் என்று தெரிந்தேதான் ஏற்றுக்கொண்டார். மூத்த மகன் மைக்கேல் பாதிரியாராகப் போக எண்ணியிருந்தவர்; அவருக்கு அதில் தடையொன்றும் இல்லை. ஆனால் விமானப்படையில் இருந்த மைக்கேல் 1944-இல் இறந்துபோனார். அண்ணன் செத்த அன்று தம்பி டோனி வாரிசாகிவிட்டார். யாரும் அவரைக் கேட்கவில்லை. சாசனம் கேட்காது.

1950 நவம்பரில் பிரிஸ்டல் தென்கிழக்குத் தொகுதி இடைத்தேர்தலில் டோனி பென் வென்று காமன்ஸ் சபைக்குப் போனார். 1942-இல் தூதுக்குழுவோடு இந்தியா வந்த ஸ்டாஃபோர்ட் கிரிப்ஸ் உடல்நலமின்றி விலகியதால் காலியான தொகுதி அது. வயது 25. உழைக்கும் மக்கள் நிறைந்த தொகுதி. அடுத்தடுத்த தேர்தல்களிலும் அவர்கள் இவரையே அனுப்பினார்கள். தந்தை வாழும் வரைதான் இந்தப் பதவி என்பது பென்னுக்குத் தெரியும். 1955-இலேயே, பட்டத்தைத் துறக்க அனுமதி கேட்டுத் தனி மசோதா ஒன்றைக் கொண்டுவரப் பார்த்தார். பிரபுக்கள் சபை அதைத் தள்ளிவிட்டது.

1960 நவம்பர் 17 அன்று தந்தை இறந்தார். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் வீடு திரும்பும் முன்பே, சட்டப்படி மகன் காமன்ஸ் சபை உறுப்பினராக இருக்கும் தகுதியை இழந்துவிட்டார். பிரபுக்கள் சபைக்கு வரச்சொல்லும் அழைப்பாணையை அவர் கேட்கவே இல்லை. விண்ணப்பிக்காமல் இருந்தால் பிரபு ஆகமாட்டோம் என்று வாதாடினார். உரிமைக் குழு ஏற்கவில்லை. தொகுதி காலி என்று அறிவித்து இடைத்தேர்தல் வைத்தார்கள்.

இங்கேதான் நமக்குப் பிடித்த பகுதி வருகிறது. தகுதியிழந்தவர் என்று சொல்லப்பட்ட அதே மனிதர் அதே தொகுதியில் மறுபடி நின்றார். வாக்காளர்களுக்கு எல்லாம் தெரியும். இவருக்குப் போடும் வாக்கு வீணாகிவிடும் என்று எதிர்த்தரப்பு ஊர் முழுக்கச் சொன்னது. 1961 மே 4 அன்று பிரிஸ்டல் மக்கள் வாக்களித்தார்கள். 13,000-க்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் பென்னை ஜெயிக்க வைத்தார்கள். எதிர்த்து நின்ற கன்சர்வேடிவ் வேட்பாளர் மால்கம் செயின்ட் கிளேர் பெற்றதைவிட இரண்டு மடங்குக்கு மேல் பென்னுக்கு விழுந்தது.

வென்றவர் நாடாளுமன்றத்துக்குப் போனார். காமன்ஸ் சபையின் வாசலில் காவலர் அவரைத் தடுத்தார். உள்ளே விடக் கூடாது என்பது சபாநாயகரின் உத்தரவு. வாக்கு வாங்கி வந்தவன் வாசலில் நிற்கிறான். காரணம் அவன் பிறப்பு. ஊராட்சித் தலைவராக ஜெயித்தும் நாற்காலியில் உட்கார முடியாமல் நின்ற நம் மக்களை அறிந்த வாசகர்களுக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. அங்கே தடுத்தது மேலான பிறப்பு என்பது மட்டும் வேறுபாடு.

பிறகு தேர்தல் நீதிமன்றம். இரண்டு நீதிபதிகள். பென் தனக்காகத் தானே வாதாடினார். தீர்ப்பு 1961 ஜூலையில் வந்தது. பென் பிரபு, எனவே தகுதியில்லாதவர். வாக்காளர்கள் அது தெரிந்தே வாக்களித்தார்கள். எனவே அந்த வாக்குகள் எறியப்பட்ட வாக்குகள். தோற்றவரான செயின்ட் கிளேரே தேர்ந்தெடுக்கப்பட்டவர். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தச் செயின்ட் கிளேரும் ஒரு பிரபுப் பட்டத்துக்கு அடுத்த வாரிசாக இருந்தவர்தான். அவருடைய உறவினர் அன்றைக்கு இறந்திருந்தால் அவரும் அதே வாசலில் தடுக்கப்பட்டிருப்பார்.

நீதிபதிகளைத் திட்டி ஒன்றும் ஆகப்போவதில்லை. அன்றைய சட்டம் அப்படித்தான் இருந்தது. அவர்கள் படித்துச் சொன்னார்கள். அந்தத் தீர்ப்பு பிரிட்டன் முழுக்கக் கேலிக்கு உள்ளானதுதான் முக்கியம். ஒரு தொகுதியின் ஆயிரக்கணக்கான வாக்குகளைவிட ஒரு மனிதனின் தகப்பன் யார் என்பது பெரிதா என்ற கேள்வியைச் சாதாரண மக்கள் கேட்டார்கள். கட்சி வேறுபாடு பாராமல் சர்ச்சிலும் பென்னுக்கு ஆதரவு தெரிவித்தார். அந்தச் சர்ச்சிலே ஒரு டியூக்கின் பேரன்தான். அவருடைய தந்தை இளைய பிள்ளையாகப் பிறந்ததால்தான் சர்ச்சில் வாழ்நாள் முழுக்கக் காமன்ஸ் சபையில் உட்கார முடிந்தது, பிரதமராகவும் ஆக முடிந்தது.

இரு சபைகளின் கூட்டுக் குழு கூடியது, அறிக்கை தந்தது. 1963 ஜூலை 31 அன்று பிரபுப் பட்டச் சட்டம் அரச ஒப்புதல் பெற்றது. ஒப்புதல் கிடைத்தபோது மாலை 6 மணி. அன்று மாலையே பென் பட்டத்தைத் துறந்தார். சட்டத்தைப் பயன்படுத்திய முதல் ஆள் அவர். செயின்ட் கிளேர், பென் துறந்தால் நான் விலகுவேன் என்று கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார். அந்த மனிதரின் நேர்மையையும் சொல்லாமல் விடக் கூடாது. ஆகஸ்டு 20 அன்று நடந்த இடைத்தேர்தலில் பென் மறுபடி வென்று உள்ளே போனார். அமைச்சராக இருந்தார், 2001 வரை நாடாளுமன்றத்தில் இருந்தார்.

பிரிட்டனில் இந்தக் கதையை ஒரு தனிமனிதனின் வெற்றியாகச் சொல்கிறார்கள். நமக்கு அந்தச் சட்டத்தின் உள்ளே பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது.

பட்டத்தைத் துறக்க ஒருவருக்கு அது உரிமை தந்தது. பட்டம் வந்து ஓராண்டுக்குள் துறக்க வேண்டும். காமன்ஸ் சபை உறுப்பினராக இருந்தால் ஒரு மாதத்துக்குள். துறந்தால் துறந்ததுதான், திரும்பப் பெற முடியாது. ஆனால் அது அவருடைய ஆயுள் வரை மட்டுமே. பட்டம் அழிவதில்லை. அவர் சாகும் வரை யாரிடமும் போகாமல் காத்திருந்து, பிறகு அடுத்த வாரிசிடம் இறங்கிவிடும். மாடியில் இருக்க விரும்பாதவர் இறங்கிப் போக ஒரு கதவு வைத்தார்கள், மாடியைத் தொடவில்லை. தன் பிறப்பால் தனக்கு வந்ததை உதற ஒருவனுக்கு உரிமை உண்டு என்று ஒத்துக்கொண்ட அதே சட்டம், பிறப்பால் பட்டம் வருவது சரியா என்ற கேள்வியைக் கேட்கவே இல்லை. அந்தச் சட்டத்தால் தம் உரிமையில் பட்டம் பெற்றிருந்த சில பெண்கள் முதல்முறையாகப் பிரபுக்கள் சபையில் உட்கார முடிந்தது. அது நல்லதுதான். ஆனால் மகளைத் தாண்டி மகனைத் தேடும் சாசனங்கள் அப்படியே இருந்தன.

அந்தக் கதவை அடுத்துப் பயன்படுத்தியவர்கள் யார் என்பது இன்னும் சுவையானது. மசோதா முதலில் அடுத்த பொதுத்தேர்தலுக்குப் பிறகுதான் நடைமுறைக்கு வருவதாக இருந்தது. பிரபுக்கள் சபையில் அதை உடனே நடைமுறைக்கு வரும்படி திருத்தினார்கள். இரண்டரை மாதம் கழித்துப் பிரதமர் மேக்மில்லன் உடல்நலக் குறைவால் விலகினார். அவருடைய இடத்துக்கு வந்தவர் ஹோம் ஏர்ல், அந்தப் பட்டத்தின் 14-ஆவது வாரிசு. அக்டோபரில் பிரதமர் ஆனார், சில நாளில் பட்டத்தைத் துறந்தார், நவம்பரில் ஓர் இடைத்தேர்தலில் நின்று காமன்ஸ் சபைக்கு வந்தார். தொழிற்கட்சிக்காரர் ஒருவர் மூன்று ஆண்டு சண்டை போட்டு வெட்டிய பாதையில், பழம்பெரும் பிரபுக் குடும்பத்தவர் மூன்றே மாதத்தில் நடந்து பிரதமர் நாற்காலிக்குப் போனார். ஒடுக்கப்பட்டவர்கள் போராடிக் கொண்டுவரும் சட்டங்களை யார் முதலில் பயன்படுத்திக்கொள்கிறார்கள் என்று கவனிக்கும் பழக்கம் நமக்கு இருப்பதால் இதைச் சொல்கிறோம்.

இந்தப் பரம்பரைப் பட்டம் ஓர் இந்தியருக்கும் தரப்பட்டது. வங்காளத்து வழக்கறிஞர் சத்தியேந்திர பிரசன்ன சின்ஹா 1915-இல் காங்கிரஸ் தலைவராக இருந்தவர். 1919-இல் அவரை ராய்ப்பூர் சின்ஹா பிரபு ஆக்கினார்கள். 1928-இல் அவர் இறந்தார். மகன் அருண்குமார் சின்ஹாவுக்குப் பிரபுக்கள் சபையில் உட்கார உரிமை கிடைத்தது 1939-இல். 11 ஆண்டுகள் ஏன்? தாய் தந்தையின் திருமணம் இந்து முறைப்படி நடந்தது. அன்றைய இந்து முறை, ஆண் ஒன்றுக்கு மேற்பட்ட மனைவி கொள்ள இடம் தருவது. அப்படிப்பட்ட திருமணத்தில் பிறந்தவர் முறையான வாரிசா என்று கேள்வி வந்தது. மகன் பிறக்கும் முன்பே பெற்றோர் பிரம்ம சமாஜத்தில் சேர்ந்து ஒருதார மணத்தை ஏற்றுவிட்டார்கள் என்பதைக் கொண்டுதான் உரிமை ஒப்புக்கொள்ளப்பட்டது. தாயின் திருமணத்தை மன்றத்தில் வைத்து ஆராய்ந்த பிறகுதான் மகனுக்கு நாற்காலி. பிறப்பை அளவுகோலாக வைத்தால் கடைசியில் பெண்ணின் படுக்கையறை வரை போய்த்தான் அளக்க வேண்டியிருக்கும். சாதித் தூய்மையைக் காக்க மகளைக் கொல்லத் துணியும் நாட்டில் வாழும் நாம் இதை நன்றாக அறிவோம்.

நம் முன்னோடிகளும் ஆங்கிலேயரிடம் பட்டம் வாங்கியவர்கள்தானே என்று யாராவது கேட்கலாம். இரட்டைமலை சீனிவாசனும் எம்.சி. ராஜாவும் ராவ் பகதூர்கள்தான். ஆனால் அந்தப் பட்டங்கள் அவர்கள் செய்த வேலைக்கு வந்தவை, அவர்களோடு முடிந்தவை. பிள்ளைகள் எவரும் ராவ் பகதூர் ஆகிவிடவில்லை.

இப்போது முன்பு தள்ளிவைத்த கேள்விக்கு வருவோம். பிரிட்டன் பிரபுப் பட்டமும் நம் சாதியும் ஒன்றா? ஒன்றல்ல. பிரபுப் பட்டம் ஒரு தலைமுறையில் ஒருவரை மட்டுமே பிடிக்கிறது. டியூக்கின் இரண்டாவது மகன் மரியாதைக்கு லார்ட் என்று அழைக்கப்பட்டாலும் சட்டத்தின் கண்ணில் சாதாரணக் குடிமகன். சர்ச்சிலின் தந்தை அப்படித்தான் காமன்ஸ் சபைக்குப் போனார். சாதி அப்படி யாரையும் விட்டுவைப்பதில்லை. மூத்தவன், இளையவன், மகள், பேத்தி, நேற்றுப் பிறந்த குழந்தை என்று அத்தனை பேரையும் ஒரே நேரத்தில் பிடிக்கிறது. தந்தை சாகும் வரை காத்திருப்பதும் இல்லை. பட்டத்துக்கு அரசரின் சாசனம் வேண்டும். தீண்டாமைக்கு எந்த அரசரும் சாசனம் எழுதித் தர வேண்டியிருக்கவில்லை, ஊரே அதைக் காத்தது. பென்னைப்போல ஒரு சட்டம் வந்த மாலையில் கையெழுத்துப் போட்டு இறங்கிவிடும் வசதி சேரியில் பிறந்தவனுக்குக் கிடையாது. அவன் மதம் மாறினாலும் ஊர் மாறினாலும் கேள்வி துரத்திக்கொண்டு வரும். உயர்ந்த பிறப்பு ஒருவருக்குச் சுமையானபோது மூன்று ஆண்டுக்குள் சட்டம் வந்தது. தாழ்ந்ததென்று சொல்லப்பட்ட பிறப்பைச் சுமந்தவர்கள் எத்தனை நூற்றாண்டு காத்திருந்தார்கள் என்பதையும் சேர்த்தே இந்தக் கதையைப் படிக்க வேண்டும்.

நம் அரசமைப்புச் சட்டம் இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்திருப்பதை மாணவர்கள் புரட்டிப் பார்க்க வேண்டும். 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழிக்கிறது. 18-ஆவது பிரிவு பட்டங்களை ஒழிக்கிறது. அரசு எந்தப் பட்டமும் தரக் கூடாது. குடிமக்கள் வெளிநாட்டு அரசுகளிடமிருந்தும் பட்டம் பெறக் கூடாது. இரண்டே விலக்குகள்தான்: படைத்துறைச் சிறப்பு, கல்விச் சிறப்பு. நம் வீட்டுச் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறோமே, அந்தப் பட்டத்துக்கு மட்டும் அரசமைப்புச் சட்டம் இடம் விட்டிருக்கிறது. கீழே மிதித்து வைக்கும் பிறப்பையும் மேலே தூக்கி வைக்கும் பிறப்பையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஒழிக்கச் சொன்னது தற்செயல் என்று நாம் நினைக்கவில்லை. ஒன்றை விட்டுவிட்டு மற்றதை மட்டும் ஒழிக்க முடியாது. பிரிட்டன் அந்த வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்துகொண்டிருக்கிறது.

1999-இல் டோனி பிளேர் அரசு பரம்பரைப் பிரபுக்களில் 650-க்கும் மேற்பட்டவர்களை அவையிலிருந்து வெளியேற்றியது. சமரசமாக 92 இடங்களை மட்டும் விட்டுவைத்தார்கள். அந்த 92-இல் ஒருவர் இறந்தால் இடத்தை நிரப்ப ஓர் இடைத்தேர்தல் வைக்கும் முறையும் வந்தது. நிற்பவர்கள் பரம்பரைப் பிரபுக்கள்; பெரும்பாலான இடங்களுக்கு வாக்களிப்பவர்கள் அந்தந்தக் கட்சியில் மிஞ்சியிருக்கும் பரம்பரைப் பிரபுக்கள். 2016-இல் லிபரல் டெமாக்ரட் கட்சிக்குரிய ஓர் இடத்துக்கு அப்படி நடந்த தேர்தலில் வேட்பாளர்கள் 7 பேர், வாக்காளர்கள் 3 பேர். மூன்று வாக்கும் தர்சோ விஸ்கவுண்டுக்கே விழுந்தன. பிரிஸ்டலில் ஆயிரக்கணக்கான வாக்குகளைத் தூக்கி எறிந்த நாட்டில் மூன்று வாக்கு ஒருவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது.

டோனி பென் 2014 மார்ச் 14 அன்று இறந்தார். அவர் துறந்த ஸ்டான்ஸ்கேட் பட்டம் 50 ஆண்டுகள் காத்திருந்து அன்றே மூத்த மகன் ஸ்டீபன் பென்னிடம் போய்ச் சேர்ந்தது. ஸ்டீபன் துறக்கவில்லை. 2021-இல் தொழிற்கட்சிக்குரிய பரம்பரை இடம் ஒன்று காலியானபோது போட்டியின்றித் தேர்வாகிப் பிரபுக்கள் சபையில் உட்கார்ந்தார். இரண்டாவது மகன் ஹிலாரி பென் மக்களிடம் வாக்குக் கேட்டுக் காமன்ஸ் சபைக்குப் போய் அமைச்சரானவர். ஒரே வீட்டில் அண்ணன் பிறப்பு வழியாக ஒரு சபையில், தம்பி வாக்கு வழியாக இன்னொரு சபையில்.

2024 செப்டம்பரில் தொழிற்கட்சி அரசு மீதியிருந்த அந்த 92 இடங்களையும் எடுத்துவிட ஒரு மசோதாவைக் கொண்டுவந்தது. அது பேசுவது அவையின் இருக்கைகளைப் பற்றி மட்டும். பட்டங்களைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. ஸ்டான்ஸ்கேட் சாசனம் 1942-இல் எழுதியபடியே, அடுத்த ஆண் வாரிசின் பெயருக்கு இறங்கும்.